எங்கள் வீட்டுக்கு ஒரு ஓட்டு

கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒத்துவராத விஷயம் ஒன்றுதான். அது ஓட்டு. அவர் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. எந்தெந்தக் கட்சி என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள், மீதிப் பேர் அவரோடு சண்டைக்கு வருவார்கள். சண்டை போடுகிற வயதை நாங்கள் இரண்டு பேரும் தாண்டிவிட்டோம்.

நான் பிறந்தது மேல்மலையனூர் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. கேப்பை போடுவார், மழை இருந்தால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவார். எங்கள் தெரு முழுக்க ஒரே கட்சி. பெருமுக்கல் பக்கம் வாக்கப்பட்டு வந்தபோது குழம்பில் புளி போடுகிற அளவை மாற்றிக்கொண்டேன், புடவை கட்டுகிற விதத்தை மாற்றிக்கொண்டேன், கும்பிடுகிற சாமியைக்கூட மாற்றிக்கொண்டேன். ஓட்டை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

பிறகு அவருக்குத் திண்டிவனத்தில் வேலை என்று ஆனது. ஊரை ஒட்டி, மரக்காணம் போகிற ரோட்டுப் பக்கம், மனை போட்டு விற்றார்கள். மல்லாட்டைக் கொல்லையாக இருந்த இடம். கல் நட்டு, நான்கு தெரு பிரித்து, நகர் என்று ஒரு பெயரும் வைத்தார்கள். முதலில் வீடு கட்டியவர்களில் நாங்களும் உண்டு. கண்டாச்சிபுரத்திலிருந்து வாத்தியார் குடும்பம் ஒன்று, விழுப்புரத்திலிருந்து மின்சார ஆபீசில் வேலை பார்த்தவர் ஒருவர், எதிர் வரிசையில் கடையும் வீடும் சேர்ந்தாற்போல ஒரு தையல்காரர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். பத்து ஊர் ஜனங்கள் ஒரு தெருவில் இருந்தால் கட்சியும் பத்து விதமாகத்தான் இருக்கும்.

யார் எந்தப் பக்கம் என்று என் வீட்டுக்காரருக்கு அத்துப்படி. யாரிடமும் வாய்விட்டுக் கேட்க மாட்டார். புது வருஷக் காலண்டர் எந்தக் கடையில் வாங்கி மாட்டியிருக்கிறார்கள், சாயங்காலம் ஜன்னல் வழியாக எந்தச் சேனலின் செய்தி கேட்கிறது, கல்யாண பேனரில் யார் படம் போட்டார்கள், கொடி கட்டின வண்டி போகும்போது வாசலுக்கு வருகிறார்களா உள்ளே போகிறார்களா, இதையெல்லாம் பார்த்து வைத்துக்கொள்வார். ஒரு நோட்டு உண்டு. வீடு வாரியாக எழுதி, எதிரில் தன் கட்சிக்கு அந்த வீட்டில் எத்தனை விழும் என்று போட்டிருப்பார். எங்கள் வீட்டுக்கு எதிரே இரண்டு என்று இருக்கும். எனக்குப் படிப்பு ரொம்பக் கிடையாது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் எண் தெரியும். அந்த இரண்டைப் பார்க்கும்போதெல்லாம் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

எங்கள் நகரில் கட்சி பெரிய தொல்லை இல்லை. ஜனங்களை வாசலைத் தாண்ட வைப்பதுதான் தொல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் பத்துப் பேர் கூடுவார்கள், கால்வாய் அடைத்துக்கொண்டால் மனு எழுதுவார்கள், ஓட்டு அன்றைக்கு மட்டும் கதவு திறக்காது. லீவு நாள் என்று கறி எடுத்து வந்து சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். சிலருக்கு இன்னும் ஓட்டு சொந்த ஊரில்; போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாண்டிச்சேரிக்குப் போவார்கள். கடலோரக் குப்பத்திலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவரும் அம்மா ஒருத்தி உண்டு. அவள் தன் ஓட்டைப் போட்டுவிட்டு, கூடையை வண்டியில் கட்டிக்கொண்டு இங்கே வந்து சேரும்போது எங்கள் தெரு பல்கூட விளக்கியிருக்காது. எங்கள் குப்பத்தில் பாதி ஓட்டு காலையிலேயே விழுந்துவிட்டது, இங்கே என்ன எல்லாருக்கும் ஜுரமா என்று கேட்டுவிட்டுத்தான் மீனையே காட்டுவாள்.

அந்த ஜனங்களை எழுப்புகிற வேலையைத்தான் இவர் எடுத்துக்கொண்டார். பூத், நகரின் கடைசியில் உள்ள ஆரம்பப் பள்ளிக்கூடம். அதற்குத் தள்ளி ஒரு மேசை, அதன்மேல் ஓட்டர் லிஸ்ட், பக்கத்தில் ஒரு அடிக்கோல். ஒருவர் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தால் பேருக்கு நேரே டிக். மத்தியானம் வரைக்கும் டிக் விழாத தன் கட்சி வீடுகளுக்குப் போய் நிற்பார். குளிக்கவில்லை என்றால் குளித்து முடிக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பார். நாலு மணிக்கு மேல் இன்னொரு வழக்கம் வைத்திருந்தார். நாலு மணி ஆகிவிட்டால் கட்சி பார்க்க மாட்டார். எதிர்க்கட்சி வீடென்று தெரிந்தே கதவைத் தட்டுவார். "நாலு மணி ஆயிடுச்சி. கட்சி பாக்க வேணாம், கெளம்பு" என்பார். அவர் கட்சிக்காரர்களே கோபித்துக்கொண்டார்கள். நகரில் பாதிப் பேர்கூடப் போடவில்லை என்று தெரிந்தால் எவன் நமக்கு ரோடு போடுவான் என்று திருப்பிக் கேட்பார். அது நியாயந்தான் என்று எனக்கும் படும். அவரிடம் சொன்னதில்லை.

ஒரு தேர்தலில் எண்ணிக்கை முடிந்து மெஷின் வாரியாகக் கணக்கு வந்தது. எங்கள் பூத்தில் இவர் போட்டிருந்த கணக்குக்கு ஒன்று குறைந்தது. நூறு குறைந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஒன்று குறைந்ததில் தூக்கம் போய்விட்டது. நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு வீடு வீடாக யோசித்தார். கடைசியில் எதிர் வீட்டுத் தையல்காரர் மேல் சந்தேகம் விழுந்தது. அவரும் இவர் கட்சிதான். ஆனால் ஓட்டுக்கு முந்தின வாரம் மற்றக் கட்சிக்காரர் ஒருவருக்குக் கொடி தைத்துக் கொடுத்திருந்தார். தொழில்காரர் தைக்காமல் என்ன செய்வார். இவர் அதைப் பிடித்துக்கொண்டார். பேச்சை நிறுத்திவிட்டார். தையல்காரர் வணக்கம் சொன்னால் கேட்காததுபோலப் போவார். கட்சிக் கூட்டத்துக்கு வண்டி வந்தால் ஒருவர் ஏறினால் ஒருவர் இறங்குவார்.

தையல்காரர் வீட்டம்மா ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் என்னிடம் அழுதாள். தன் வீட்டுக்காரர் சாப்பிடும்போதெல்லாம் பாதியில் எழுந்து போய்விடுகிறார், அண்ணன் தன்னைத் துரோகி என்று நினைத்துவிட்டாரே என்று மறுகுகிறார் என்றாள். குடத்தை வைத்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தேன். இவர் நோட்டும் கையுமாக இருந்தார்.

"தையக்காரரு இல்லங்க. அந்த ஒண்ணு நான்தான்" என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இந்தத் தபாவா?"

"எல்லாத் தபாவுந்தான்."

அவர் நோட்டை மூடி வைத்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. சோறு வைத்தேன், சாப்பிட்டார். பழைய கணக்கெல்லாம் ஏன் குறையவில்லை என்று யோசித்திருப்பார். எதிர்ப்பக்கத்திலிருந்து யாராவது ரகசியமாக இவருக்குப் போட்டு ஈடுகட்டியிருக்கலாம், யார் கண்டது. மூன்றாம் நாள் பீரோவைத் திறந்து, தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்த சட்டைத் துணியை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார். அளவு எடுக்கிற சாக்கில் அரை நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்ததும் நோட்டை எடுத்தார். எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த இரண்டை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். நான் பார்க்கும்படியாகத்தான் எழுதினார். அன்றைக்கு அடுப்படிக்குப் போகாமல் நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. ஓட்டு அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் நடந்து போவோம். ஒருத்தர் ஓட்டை ஒருத்தர் அழிக்க இத்தனை தூரம் வெயிலில் நடக்கிறீர்களே, வீட்டிலேயே இருந்தால் கணக்குச் சரியாகிவிடுமே என்று வாத்தியார் கேலி பண்ணுவார். இவர் நின்று பதில் சொல்வார். வீட்டிலிருந்தால் அழிந்தது யாருக்குத் தெரியும், அங்கே போய் அழித்தால்தான் ஆள் வந்தார்கள் என்று எழுதுவான் என்பார்.

இப்போது கண் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்குக் கண்ணில் பிரஷர் என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சொட்டு மருந்து விட்டுக்கொண்டுதான் இருந்தோம். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போயிற்று. இந்த ஒன்றரை வருஷத்தில் வெளிச்சம் இருட்டு மட்டுந்தான் தெரிகிறது. இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். பிள்ளைகளிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. வீட்டிலிருந்து டீக்கடை வரை அடி எண்ணி நடப்பார். எதிரில் வருகிறவர் குரல் கொடுத்தால் பெயர் சொல்லிப் பேசுவார். குரல் கொடுக்காதவர்களைப் பார்த்தும் பொதுவாக ஒரு வணக்கம் வைத்துவிடுவார். நகரில் யாருக்கும் தெரியாது என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

போன தேர்தலுக்கு முன் லிஸ்ட் பார்க்கிற அங்கன்வாடி டீச்சர் வந்தது. முடியாதவர்களுக்கு வீட்டிலேயே வந்து ஓட்டு வாங்கிக்கொள்வார்கள், ஒரு பாரம் கொடுத்தால் போதும் என்று மெதுவாகச் சொன்னது. நான் படுத்த படுக்கையா என்று கேட்டு அவர் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சரி, நடந்து வரப் போகிறார் என்றுதான் நானும் இருந்தேன்.

ஓட்டு அன்றைக்குக் காலையில் எழுந்து குளித்தார். கரை இல்லாத வெள்ளை வேட்டி கட்டினார். கரை வேட்டி கட்டிக்கொண்டு பூத்துக்குள் போகக்கூடாது என்பதில் கறார். போர்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கிளம்பலாமா என்றேன்.

"நான் வர்ல. நீ போய்ட்டு வா."

எனக்கு விளங்கிவிட்டது. டீக்கடை வரை எண்ணி வைத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்குள் எண்ணி வைக்கவில்லை. வரிசையில் நிற்க வேண்டும், படி ஏற வேண்டும், மெஷின் எதிரில் நின்று சின்னத்தைத் தேட வேண்டும். ஊரையே எழுப்பி அனுப்பியவர், ஊர் பார்க்கத் தடுமாற வேண்டும். அதற்கு வீட்டில் இருப்பது மேல் என்று முடிவு கட்டியிருந்தார்.

நான் விடவில்லை. நான் மட்டும் போனால் என் கட்சிக்கு ஒன்று லாபம், பரவாயில்லையா என்று சீண்டினேன்.

"ஜெயிச்சிக்கோ" என்றார்.

நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஓட்டுப் போடுகிற வயசு வந்த நாளிலிருந்து நான் ஒரு தேர்தல்கூட விட்டதில்லை. பிள்ளை பெற்ற பத்தாம் நாள்கூடப் போயிருக்கிறேன். இன்றைக்கு விட்டாலும் விடுவேனே தவிர, இவர் இங்கே உட்கார்ந்திருக்க நான் போய் அழுத்திவிட்டு வருவது சரியாகப் படவில்லை. எதிரில் ஆளே இல்லாமல் விளையாடி ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்வது போல இருக்கும்.

பத்து மணி வாக்கில் மீன்காரம்மா வந்தாள். என் விரலைப் பிடித்துப் பார்த்தாள். மை இல்லை. அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் சங்கரா மீனை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் கேட்டிருந்தால்கூட எனக்கு அத்தனை சங்கடமாக இருந்திருக்காது.

வெயில் இறங்கத் தொடங்கியபோது தையல்காரர் வந்தார். இவர் உட்கார்ந்த மேசையில் இப்போது அவர்தான் உட்காருகிறார். கையில் லிஸ்டும் அதே அடிக்கோலும் இருந்தன.

"அண்ணே, நம்ம வீடுங்க எல்லாம் முடிஞ்சிடுச்சி. உன் பேரு மட்டும் டிக் ஆவல" என்றார்.

உடம்பு சரியில்லை என்றார் இவர். என்ன உடம்புக்கு என்று கேட்டார் அவர். தலைவலி என்றார். தையல்காரர் படியில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் அடிக்கோலால் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"அண்ணே, கோச்சிக்காத. என் கடை வாசல்ல சட்டை மாட்டி ஒரு பொம்ம நிக்கிது இல்ல, அதுக்கு நீ ஆறு மாசமா வணக்கம் வெச்சிக்கினு போற. நானும் உள்ளார மிஷின்ல இருந்துக்கினே வணக்கம்ணே, வணக்கம்ணேன்னு சொல்லிக்கினு இருக்கறேன்."

இவர் முகம் சுண்டிப்போயிற்று. யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டார்.

"எல்லாருக்குந்தான். டீக்கடைக்காரரு உன் பெஞ்ச ஒரு நாளும் நகத்த மாட்டாரு. வாத்தியாரு வண்டிய சொவரோட சேத்து வுடறாரு. நீ எண்ணிக்கினு நடக்கறது தெரிஞ்சிதான்."

இவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போய்க் கடிகாரத்தைப் பார்த்தேன். வந்து அவர் எதிரில் நின்றேன்.

"நாலு மணி ஆயிடுச்சிங்க. கட்சி பாக்க வேணாம், கெளம்புங்க."

அவர் சிரித்தாரா, மூக்கை உறிஞ்சினாரா, சரியாகத் தெரியவில்லை. கையை நீட்டினார். செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தேன்.

நான் ஒரு பக்கம், தையல்காரர் ஒரு பக்கமாக நடந்தோம். நாலு மணிக்கு மேல் அவர் எழுப்பிவிட்ட வீடுகளைத் தாண்டித்தான் போக வேண்டும். மின்சார ஆபீஸ்காரர் வாசலிலிருந்து, சார் நான் போட்டுட்டேன் என்று விரலைத் தூக்கிக் காட்டினார். இவரும் அந்தப் பக்கம் திரும்பி, பார்த்தேன் பார்த்தேன் என்றார். வழக்கத்தை விடவில்லை.

உள்ளே பூத் அதிகாரி இளவயசுக்காரர். முதியவர்கள் வந்தால் முன்னே விடச் சொல்லியிருந்தார்கள் போல. வரிசையில் நிற்க விடவில்லை. அதிகாரி இவரைப் பார்த்து, சின்னம் தெரியுமா அய்யா, தனியாகப் போட்டுவிடுவீர்களா என்று கேட்டார். ஏஜென்ட்டுகள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு கட்சியும் இருக்கிறது. ஒருத்தரும் காகிதத்தைப் புரட்டவில்லை.

"தெரியாது சார். எனக்குக் கண்ணு போயிடுச்சி" என்றார் இவர். சத்தமாகத்தான் சொன்னார்.

அப்படியானால் கூட ஒருவர் வந்து அழுத்தலாம், யாரை அழைத்துக்கொள்கிறீர்கள் என்றார் அதிகாரி. தையல்காரர் கதவுப் பக்கம் நின்றிருந்தார். அவரைச் சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன். அதுதானே முறை. ஒரே கட்சி, ஒரே மேசை.

"என் வீட்டுக்காரி வரட்டும்" என்றார்.

தையல்காரருக்கு அடக்க முடியவில்லை. "அண்ணே, யோசிச்சி சொல்லு. அண்ணி எந்தப் பக்கம்னு உனக்கே தெரியும்."

"தெரியும். அத எங்கிட்ட வந்து சொன்னதே அவதான். சொல்லாம இருந்திருந்தா உங்கூட நான் இன்னிக்கும் பேசிக்கினு இருக்க மாட்டேன்."

தையல்காரர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

ஒரு பாரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இன்னொருவர் ஓட்டை அவர் சொன்னபடியே போடுவேன், வெளியே சொல்ல மாட்டேன் என்று உறுதி. அதிகாரி வாசித்துக் காட்டினார். நான் கைநாட்டு இல்லை. பிள்ளைகள் பெரியவர்களான பிறகு முதியோர் வகுப்பில் கற்றுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் போடுவேன். நேரம் ஆகும். ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அவருக்கு இடது கை விரலில் மை வைத்தார்கள். எனக்கு வலது கை விரலில் வைத்தார்கள். கூட வருகிறவர்களுக்கு அப்படித்தானாம்.

மறைப்புக்குள் போனோம். அவர் தன் சின்னத்தை என் காதில் சொன்னார். எனக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் சொல்ல வேண்டும் என்று நினைத்தார், சொன்னார். என் சின்னமும் அங்கேயே இருந்தது, ரொம்பத் தூரத்தில் இல்லை. ஒன்றும் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். இத்தனை வருஷத்தில் அந்தப் பட்டனை நான் தொட்டதே இல்லை. என் அப்பாவின் தெரு முழுக்க என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. அவர் விரலைப் பிடித்து அவர் பட்டன் மேல் வைத்து, அதன்மேல் என் விரலை வைத்து அழுத்தினேன். விளக்கு எரிந்தது. பக்கத்துப் பெட்டிக் கண்ணாடியில் சீட்டு வந்து நின்றது.

"உங்க சின்னந்தான் தெரியிது" என்றேன்.

"நான் கேக்கலியே" என்றார்.

அப்புறம் என் முறை. அவரைக் கதவோரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போய் என் ஓட்டைப் போட்டேன். விரல் தானாகப் போயிற்று. பழக்கப்பட்ட இடம். என் இடது கையில் மை, வலது கையில் மை என்று வெளியே வந்தேன்.

மேசையில் தையல்காரர் அடிக்கோலை வைத்து இரண்டு பேருக்கும் டிக் போட்டார். இவர் நின்று கேட்டார்.

"எங்க வீட்டுக்கு எவ்ளோ எழுதின?"

"ஒண்ணுதான்ணே."

"சரி. அதான் கணக்கு. மணி இன்னும் ஆவல, அந்தக் கடைசித் தெரு வாத்தியார் பையன் வந்தானா பாரு, தூங்கிக்கினு இருப்பான்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குத் திரும்பாமல் அங்கேயே நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டார். பூத் மூடும்வரை எழுந்திருக்கவில்லை. லிஸ்ட் வாசிக்க வாசிக்க, யாரை எப்படி எழுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சங்கரா மீனைக் குழம்பு வைக்க வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வாரம் மீன்காரம்மா என் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்துவிட்டு, உனக்கு மட்டும் ரெண்டு ஓட்டா என்று கேட்டாள். வலது கை அவருடையது என்றேன். அவளுக்கு விளங்கவில்லை, நானும் விளக்கவில்லை. உறுதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் அல்லவா, எந்தச் சின்னம் என்று நான் எப்படிச் சொல்வேன்.

என் விரல்களில் மை நகத்தோடு வளர்ந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியாது என்பதால் அடிக்கடி கேட்பார், போயிடுச்சா என்று. நுனியில் கொஞ்சம் இருக்கிறது என்பேன். எந்தக் கையில் என்பார். இரண்டு கையிலுந்தான் என்பேன். அதைக் கேட்டுவிட்டு டீக்கடைக்குக் கிளம்புவார். இப்போதும் எண்ணித்தான் நடக்கிறார். தையல் கடை வாசலில் மட்டும் நின்று, பொம்மைக்கு ஒரு வணக்கம் வைத்து, உள்ளே இருக்கிறவனுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போகிறார்.